எது நீர்? யார் வகுத்த கணக்கு?

கோவிலம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் நீர் வெளியேறுகின்றது. கோவிலம்பாக்கத்திற்குள் நாள்தோறும் நீர் விலைக்கு வருகின்றது. ஒரு காலத்தில் நெல் விளைவித்த கிணறுகளின் நீர் 12,000 இலிட்டரும் 24,000 இலிட்டரும் கொள்ளும் சரக்குந்துகளில் ஏற்றப்பெற்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் விடுதிகளுக்கும் கணிப்பொறி நிறுவனங்களுக்கும் போகின்றது. அதே தெருவழியே 20 இலிட்டர் ஞெகிழிக் குடுவைகளைச் சுமந்துகொண்டு சிற்றுந்து உள்ளே வருகின்றது. ஊற்றை விற்றுக் குடுவையை வாங்கும் இவ்வாணிகம் நன்மங்கலம், மேடவாக்கம் முதலிய அண்டை ஊர்களிலும் பல்லாண்டுகளாய் நடந்து வருவதே.

இப்பகுதி தமிழ் வரலாற்றில் எளிய பகுதியன்று. மேற்கே உள்ள பல்லாவரத்தில் வாழ்ந்தே மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். தெற்கே மேடவாக்கத்தில் பாவலரேறு பெருஞ்சித்திரனாரின் நினைவாகத் தமிழ்க்களம் நிற்கின்றது. சொல்லின் தூய்மைக்காக வாழ்ந்தவர்களின் நினைவிடங்களுக்கு இடைப்பட்ட மண்ணில்தான் இன்று நீர் எனும் சொல்லும் பறிபோகின்றது. நீர் எனும் பொருளும் பறிபோகின்றது.

நீரை விற்பவனுக்குத் துணையாக ஒரு கட்டளையும் ஊரில் உலவுகின்றது. "நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் குடித்தே ஆகவேண்டும். அதுவும் வெறும் நீராகவே இருக்கவேண்டும். தேநீர் கணக்கில் சேராது. குளம்பி கணக்கில் சேராது. மோரும் கூழும் கஞ்சியும் கணக்கில் சேரா." படித்தவர் வீட்டிலும் படியாதவர் வீட்டிலும் இக்கட்டளை மறைமொழிபோல் ஓதப்படுகின்றது. விடியலில் ஒரு குவளை நீராகாரமும், நண்பகலில் மோரும், மாலையில் தேநீரும் பருகிய முதியவள், 'தான் நீரே குடிக்கவில்லை' என்று அஞ்சுகின்றாள். அவள் அச்சத்தால் ஊதியம் பெறுபவன் யாவன்? குடுவை விற்பவனே!

இக்கட்டளையை முதலில் எழுதியவர் யார்? எந்தச் சான்றின்மேல் எழுதினார்? தமிழன் கேட்டானா?

எட்டுக் குவளைக் கதை

1945-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சி மன்றத்தின் உணவு ஊட்ட வாரியம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 இலிட்டர் நீர் தக்க அளவு என்று அது கூறியது. அதே இடத்தில், அவ்வளவின் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கின்றது என்றும் அது எழுதியிருந்தது. எட்டுக் குவளைக் கதை இங்கிருந்தே கிளைத்திருக்கவேண்டும் என்று கருதுவார் பலர். முன்வரியை உலகம் உருப்போட்டது, பின்வரியைக் கைவிட்டது. பாதி வரியைக் கொண்டு முழு நெறி வகுத்த கொடுமை இது!

அமெரிக்காவின் தார்ட்மவுத்து மருத்துவப் பள்ளியைச் சார்ந்த சிறுநீரக அறிஞர் ஐன்சு வால்ட்டின், 2002-இல் இக்கட்டளையின் வேரைத் தேடி ஆய்வுக் கட்டுரை எழுதினார். நலமாயிருப்போர் அனைவரும் எட்டுக் குவளை வெறும் நீர் குடித்தாகவேண்டும் என்பதற்கு அறிவியற் சான்று ஏதும் தமக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிபு. பின்னர் 2004-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம், ஆடவர்க்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.7 இலிட்டர், பெண்டிர்க்கு 2.7 இலிட்டர் என வகுத்தது. 2010-இல் ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் முறையே 2.5 இலிட்டர், 2 இலிட்டர் என்றது. இவ்விரு கணக்குகளுமே மொத்த நீரின் கணக்குகள். குடிநீர், பால், தேநீர், குளம்பி, பழச்சாறு ஆகிய எல்லாவற்றின் நீரும், உணவில் உள்ள நீரும் சேர்ந்த தொகையே அது. அதில் ஐந்தில் ஒரு பங்களவு உணவிலிருந்தே கிடைத்துவிடுகின்றது என்பதும் அவர்கள் கணக்கே.

மேலை நாட்டார் தாமே திருத்திக்கொண்ட பிழையைத் தமிழன் தலைமேல் வைத்துக் கூத்தாடுகின்றான். மேலையான் சொன்னான் என்று ஏற்றான். மேலையான் மறுத்தான் என்பதையேனும் கேட்டானா? அடிமை மனம் உள்ளவன் ஆண்டையின் பழஞ்சட்டையைக் களைய மறுப்பான். ஆண்டையே களைந்தெறிந்த பின்னும் மறுப்பான்!

சொல்லே சான்று

இவ்வினாவிற்கு விடை தேடித் தமிழன் கடல் கடக்க வேண்டியதில்லை. அவன் வாயில் வழங்கும் சொற்களே விடை கூறும்.

'நீர்' என்பது தமிழில் ஒரு பெரும்பெயர். அதன்கீழ் வகைகள் அடங்கும். குளிர்ந்திருப்பது தண்ணீர்; கொதித்தது வெந்நீர். தென்னை தருவது இளநீர். பனை தருவது பதநீர். மோரில் நீர் பெருக்கியது நீர்மோர். சுக்கிட்டுக் கொதித்தது சுக்குநீர். சீரகமிட்டுக் கொதித்தது சீரகநீர். பழஞ்சோற்றின்மேல் இராமுழுதும் நின்றது பழஞ்சோற்று நீர்; அதனையே வடசொல் ஒட்டி நீராகாரம் என்கின்றனர். சீனத்திலிருந்து வந்த 'தே' எனும் சொல்லைக்கூடத் தமிழ் வெறுமனே விடவில்லை. 'நீர்' சேர்த்துத் 'தேநீர்' என்றே தன் குடும்பத்தில் வைத்தது. பருகுவன யாவும் நீரே, அவற்றுள் கலந்த பொருளே வேறு என்னும் தெளிவு இச்சொற்களில் உள்ளது.

உடலினின்று செலவாவதையும் தமிழ் அதே பெயரால் குறித்தது. கழிவது சிறுநீர், வாயில் ஊறுவது உமிழ்நீர், கண்ணில் வடிவது கண்ணீர், நாளங்களில் ஓடும் குருதியோ செந்நீர். வரவும் நீர், செலவும் நீர் என்று ஒரே சொல்லால் கணக்கெழுதிய மொழி இது. வளர்ந்தவரின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நீரே என்று இற்றை உடலறிவியல் கூறுவதை, இம்மொழி தன் சொல்லாக்கத்திலேயே உணர்த்தி வைத்திருக்கின்றது.

பொருளை நோக்கினும் உண்மை இதுவே. இளநீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு நீர். பாலில் ஏறத்தாழ 87 பங்கு நீர். சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி ஆகியவற்றில் தொண்ணூறு பங்குக்கு மேலும் நீரே. உலர்ந்த அரிசி உலையில் நீரை உண்டு சோறாகும்போது, அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீராகிவிடுகின்றது. சாறும் மோரும் ஊற்றிச் சோறுண்ணும் தமிழன், உண்ணும்போதே பருகுகின்றான். காய்ந்த அப்பத்தையும் வாட்டிய இறைச்சியையும் உண்ணும் நாட்டானின் குவளைக் கணக்கு, கூழும் கஞ்சியும் உண்ணும் நாட்டானுக்கு எங்ஙனம் பொருந்தும்?

கஞ்சியின் பெருமையை உலகம் மருத்துவத்திலும் கண்டது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சி தக்க வீட்டு நீர்மம் என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தாரும் ஏற்றனர். இழந்த நீரோடு இழந்த உப்பும் திரும்பவேண்டும் என்பதே அதன் அடிப்படை. வெயிலில் உழைத்து வருபவனுக்கு உப்பிட்ட மோர் நீட்டிய தமிழ்ப்பெண் அதனை என்றோ அறிந்திருந்தாள்.

தேநீரும் குளம்பியும்

இனி, தனித்தமிழன்பர்க்கே கசக்கும் ஓர் உண்மை உண்டு. தேநீரும் குளம்பியும் தமிழ்மண்ணின் பழங்குடிப்புகள் அல்ல. வெள்ளையர் ஆட்சியில் மலைச்சாரல்களில் தோட்டங்கள் எழுந்தன. 1930-களில் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் தெருத்தெருவாய்த் தேநீரை இலவயமாய் ஊற்றிக்கொடுத்து மக்கள் நாவைப் பழக்கியது. குளம்பைப் போன்ற கொட்டையின் வடிவு நோக்கிக் 'குளம்பி' எனத் தமிழ்ப்பெயர் இட்டபோதும், குடிக்கும் பழக்கம் அயலாரின் வாணிகத்தால் வந்ததே. ஆகவே, 'அவை உடலின் நீரை வற்றச் செய்யும். கணக்கில் சேரா' என்னும் பேச்சைக் கேட்டதும் தமிழன்பர் சிலர் மகிழ்ந்து தலையசைப்பர்.

அத்தலையசைப்புத் தவறு. அயற்பொருள் என்பதற்காக அதன்மேல் பொய்ப்பழி சுமத்துதல் தமிழ்நெறியன்று. பொய்யின்மேல் எழுப்பிய இனநலம் பொய்யோடேயே சரியும்.

குளம்பியில் உள்ள காப்பீன் சிறுநீரைப் பெருக்கும் என்னும் அச்சத்திற்கு வேராயிருந்த ஆய்வுகளுள் ஒன்று, 1928-இல் மூவரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது. பின்னாளில் செய்த ஆய்வுகள் வேறு கூறின. 2011-இல் இங்கிலாந்தில் 21 ஆடவர்க்கு ஒரு நாள் தேநீரும் மற்றொரு நாள் அதே அளவு வெந்நீரும் கொடுத்து ஆய்ந்தனர். நாளில் நான்கு குவளையாயினும் ஆறு குவளையாயினும் உடலின் நீர்நிலையில் வேறுபாடு காணவில்லை. 2014-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார், குளம்பி பழகிய 50 ஆடவரை மும்மூன்று நாள் ஆய்ந்தனர். நாளொன்றுக்கு நான்கு குவளைக் குளம்பி குடித்தபோதும், அதற்கு ஈடாக நீர் குடித்தபோதும், உடலின் நீர்நிலை ஒன்றாகவே இருந்தது. 2016-இல் 72 ஆடவரிடம் 13 வகைக் குடிப்புகளை ஒப்பிட்ட ஆய்வில் பாலும், உப்பும் இனிப்பும் அளவாய்க் கலந்த மருத்துவ நீரும் வெறும் நீரினும் நெடுநேரம் உடலில் தங்கின. தேநீரும் குளம்பியும் வெறும் நீரை ஒத்தே நின்றன.

ஆகவே தேநீர் நீரே, குளம்பியும் நீரே. கணக்கில் சேரும்.

ஆயின் கணக்கில் சேர்வது வேறு. உடலுக்கு நலம் சேர்ப்பது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறை, காப்பீன் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கின்றது. உணவுக்கு ஒரு மணிநேரம் முன்னும் ஒரு மணிநேரம் பின்னும் தேநீரும் குளம்பியும் ஆகா என்றும் அது கூறுகின்றது. அவற்றின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பைக் குருதி ஏற்கவிடாது தடுக்கின்றது. சோகையுற்ற தமிழ்ப்பெண்டிர்க்கு இது சிறு செய்தியன்று. குவளைக்கு இரு கரண்டி என நான்கு குவளைத் தேநீரில் நாற்பது கிராம் சருக்கரை உள்ளே போகின்றது. நாளொன்றுக்கு 25 கிராமே எல்லை என்பது அதே நெறிமுறை.

இன்னொன்றும் உண்டு. கட்டட வேலைக்கு வரும் கூலியாள் காலையுணவுக்கு ஈடாக ஒரு தேநீரையும் ஒரு பொறையையும் விழுங்கிவிட்டு வெயிலில் ஏறுகின்றான். தேநீரின் குற்றம் அவன் நீரைக் களவாடுவதன்று. அவன் பசியை ஏமாற்றுவதே. குறைகூலி கொடுப்பவனுக்கு மலிவான தேநீர் வாய்ப்பான தோழன்.

காற்றடைத்த இனிப்புநீர்

அடுத்து, புட்டியில் காற்றடைத்து வரும் நிறநீர். அதுவும் பெரும்பகுதி நீரே. விடாயையும் ஒருவாறு தணிக்கும். ஆயின் 100 மில்லி இலிட்டரில் பத்துக் கிராமுக்கு மேல் சருக்கரை கரைந்திருக்கின்றது. கால் இலிட்டர்ப் புட்டி ஒன்றே நாளின் எல்லையைத் தொட்டுவிடும். நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நாட்டில், நீர்வேட்கைக்கு அதனைக் கொடுப்பது, கடன் அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவதை ஒக்கும்.

அதனினும் பெருங்குற்றம் அது பிறக்கும் இடத்தில் உள்ளது. 1977-இல் இந்தியாவை விட்டு வெளியேறிய கோக்கோ கோலா 1993-இல் மீண்டும் வந்தது. கேரளத்துப் பிளாச்சிமடையில் அந்நிறுவனத்தின் ஆலை, ஊராரின் போராட்டத்திற்குப் பின் 2004-இல் இயங்காது நின்றது. நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைக் கெடுத்ததென்பதே ஊரார் வைத்த குற்றச்சாட்டு. தமிழ்நாட்டிலோ, 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக இளைஞர் எழுந்த எழுச்சியின் தொடர்ச்சியாக, வணிகர் அமைப்புகள் மார்ச்சு 1 முதல் கோக்கோ கோலாவையும் பெப்சியையும் விற்பதில்லை என அறிவித்தன. மறுநாளே, நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானிலுள்ள ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்க இருந்த இடைக்காலத் தடையை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை நீக்கியது. பொருநை ஆற்று நீர், நிறம் ஏற்றிப் பன்மடங்கு விலைக்குப் பொருநைக் கரையானுக்கே விற்கப்படும் வழி மீண்டும் திறந்தது.

கங்கைகொண்டானில் ஆற்றுக்கு நேர்ந்ததும் கோவிலம்பாக்கத்தில் கிணற்றுக்கு நேர்வதும் ஒன்றே. அங்கு அயல் நிறுவனம் உறிஞ்சுகின்றது. இங்கு உள்ளூரானே விற்கின்றான். அங்கே எழுந்த சினம் இங்கே எழாதது ஏன்? விற்பவன் தமிழன் என்பதால் நீர் குறைவாகவா வற்றும்?

பெயர் திருடிய பகை

இனி வருவதே எல்லாவற்றினும் இழிவானது. தமிழ்நாட்டுத் தெருவில் இன்று ஒருவன் 'தண்ணி' என்று சொன்னால், கேட்பவன் நீரையா நினைக்கின்றான்? 'தண்ணி போட்டான்', 'தண்ணி வண்டி' என்பன எதைக் குறிக்கின்றன? தண்மை பொருந்திய நீர் என்னும் உயரிய சொல்லைச் சாராயம் திருடிக்கொண்டது. கூலிக்காரன் முதல் கதைப்படம் எடுப்பவன் வரை அத்திருட்டுக்குத் துணைபோயினர். சொல்லைக் காக்க எழுந்த இயக்கத்தார்கூட, வடசொல்லையும் ஆங்கிலத்தையும் விரட்டிய விரைவில், உள்ளிருந்தே அழுகிய இச்சொல்லைப் போதிய அளவு நோக்கவில்லை.

நீர் என்று கணக்கில் சேர்க்கத் தகாத குடிப்பு இது ஒன்றே. உடலில் நீர் குறையும்போது மூளையின் அடிப்புறத்திலிருந்து ஒரு சுரப்பு வெளிப்பட்டுச் சிறுநீரகத்தை நீரைத் தேக்கச் செய்கின்றது. சாராயம் அச்சுரப்பை அடக்குகின்றது. காவலன் உறங்கச் சிறுநீரகம் மடை திறக்கின்றது. குடித்தவன் குடித்த நீரையும் இழந்து, உடலின் நீரையும் இழக்கின்றான். மறுநாள் விடியலில் நா வறண்டு, தலை பிளந்து எழுவதற்கு இதுவும் ஒரு கரணியம். நீர் மிகுந்த மென்குடிப்பில் இவ்விழப்புக் குறைவு. ஆயின் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் விசுக்கியிலும் வெறிப்பொருள் நூற்றுக்கு 42.8 பங்கு. நீரைப் பறிக்கும் பொருளுக்குத் 'தண்ணி' என்று பெயர்! நெருப்புக்கு நிழல் என்று பெயரிட்டாற்போல் இல்லையா?

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து, இரண்டாம் அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். நீரும் கள்ளும் அவர் நூலில் இரு முனைகளில் நின்றன. இற்றைத் தமிழ்நாட்டில் இரண்டும் ஒரு பெயரில் நிற்கின்றன. 1983-இல் தொடங்கிய அரசு வாணிகக் கழகம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. 2023-24-ஆம் ஆண்டில் அதனால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். குடிநீர் விற்கத் தனியார், குடிவெறி விற்க அரசு என்றாகிவிட்ட நாட்டில், சொல் மட்டும் தூய்மையாய் எப்படி நிற்கும்?

பனையைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் அது பதநீர். தடவாத கலயத்தில் புளித்தால் அது கள். மரம் ஒன்று, சாறு ஒன்று. இடையில் நிற்பது மாந்தனின் அறிவே. 1978-இல் பனையை மாநில மரமென அறிவித்தார்கள். பதநீர்க் கலயத்தைத் தெருவில் எத்துணைக் கடைகளில் காணமுடிகின்றது?

நீர் கிடைக்காதவர் யார்?

எட்டுக் குவளைக் கட்டளை வீட்டில் அமர்ந்திருப்பவனை அச்சுறுத்துகின்றது. உண்மையாகவே நீர் குறைந்து வாடுபவரையோ அது காண்பதில்லை. பல்லாவரம்–துரைப்பாக்கம் ஆரச்சாலையில் வெயிலில் கல் சுமக்கும் தொழிலாளிக்கு, மேலை நாட்டான் வகுத்த இரண்டரை இலிட்டர் எம்மூலைக்கும் போதாது. வியர்வையாய் வழிந்ததை உப்போடு திருப்பித் தரவேண்டும். தமிழ்நாட்டரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்தது. அறிவிப்பு நன்று, வேலையிடத்தில் நிழலும் நீரும் மோரும் வந்தனவா என்பதே வினா.

துணிக்கடையில் நாள்முழுதும் நின்று விற்கும் பெண்களுக்கு அமரும் உரிமை 2021-இல்தான் சட்டமாயிற்று. கழிப்பறைக்குச் செல்ல இசைவு கேட்க நாணி, அவர்கள் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். பள்ளிக் கழிப்பறை தூய்மையற்றது என்பதால் மாணவியர் காலை முதல் மாலை வரை நாவை வறட்டிக்கொள்கின்றனர். சிறுநீர்க் கல்லும் சிறுநீர்த்தடத் தொற்றும் அவ்வாறு வளர்வன. கேரளத்தில் 2019-இலேயே பள்ளிகளில் நீர் குடிப்பதற்கென மணி அடிக்கத் தொடங்கினர். மணி அடித்தால் மட்டும் போதாது. கழிப்பறைக் கதவு இருக்கவேண்டும், தாழ்ப்பாள் இருக்கவேண்டும், உள்ளே நீர் வரவேண்டும்.

முதியோர்க்கு விடாய் உணர்வே மங்கிவிடும். அவர்களிடம் 'தேநீர் கணக்கில் சேராது, கஞ்சி கணக்கில் சேராது' என்று சொல்லி, விரும்பிப் பருகுவதையும் பறிப்பது கொடுமை. அவர்கள் ஏற்கும் வடிவில் நீர் உள்ளே போகட்டும். மறுபுறம், நெஞ்சாங்குலையோ சிறுநீரகமோ தளர்ந்தவர் மருத்துவர் வகுத்த அளவைத் தாண்டலாகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இளநீரும் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியம் நெஞ்சைத் தாக்கும். நலமானவனும் கட்டளைக்கு அஞ்சிக் குடம் குடமாய்க் குடித்தால், குருதியின் உப்பு நீர்த்து உயிருக்கே இடர் வரும். ஆகவே, நலமாயிருப்பவனுக்கு விடாயும் சிறுநீரின் நிறமுமே கணக்கர். நிறம் வெளிர் மஞ்சளாயின் போதும். அடர்ந்து கறுத்தால் குடிக்க! இக்கணக்கிற்கு விலையில்லை, ஆதலால் இதற்கு விளம்பரமும் இல்லை.

கிணற்றைக் காக்காமல் குவளையைக் காக்க இயலாது

2019-ஆம் ஆண்டுக் கோடையைத் தென்சென்னை மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலக்கம் இலிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு தொடர்வண்டி வந்தது. அந்நாளிலும் தென்புற ஊர்களின் கிணறுகள் சரக்குந்துகளை நிரப்பிக்கொண்டிருந்தன. அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ, மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தாங்கும் பெருங்கலம். அது குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் பெரும்பகுதி விழுங்கப்பட்ட பின்னர், எஞ்சியது 2022-இல் இராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது.

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. வாணிகத்திற்காக நீர் இறைக்கவும் சரக்குந்தில் ஏற்றவும் உரிமம் வேண்டும் என்பது அதன் விதி. சட்டம் தாளில் உள்ளது. சரக்குந்து சாலையில் உள்ளது. இவ்விரண்டும் சந்திப்பதேயில்லை.

அயலான் வகுத்த குவளைக் கணக்கைத் தமிழன் மனப்பாடமாய் ஒப்பிக்கின்றான். தன் ஊர்க் கிணற்றின் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு எத்தனை முழம் இறங்கிற்று என்று கேட்டால் விழிக்கின்றான். அறியவேண்டிய கணக்கு இது! நாள்தோறும் எத்தனை சரக்குந்து வெளியேறுகின்றது, அவற்றுள் எத்தனைக்கு உரிமம் உண்டு, விற்ற பணம் யார் கைக்குப் போகின்றது, ஏரிக்கு நீர் வரும் கால்வாயை அடைத்தவன் யாவன் என்னும் வினாக்களை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவனே தமிழன்.

தனித்தமிழ் என்பது பெயர்ப்பலகையோடு முடிவதன்று. 'வாட்டர் கேன்' என்றிருந்த பலகையைக் 'குடிநீர்க் குடுவை' என மாற்றியதும் கடமை முடிந்ததென்று எண்ணுபவன், சொல்லைக் காத்துப் பொருளைப் பறிகொடுத்தவன். பெயரும் தமிழாக வேண்டும். ஊற்றும் தமிழனுடையதாக வேண்டும்.

ஆகவே தமிழர் இல்லங்களில் மோரும் கஞ்சியும் கூழும் இளநீரும் பதநீரும் நாணமின்றி நீராகவே போற்றப்படுக! தேநீரும் குளம்பியும் அளவோடு, உணவு நேரம் விலக்கிப் பருகப்படுக! நிறநீர்ப் புட்டி விருந்துமேடையினின்று இறங்குக! சாராயத்தைத் தண்ணீர் என்று அழைக்கும் நா கூசுக! பள்ளிக்கும் வேலையிடத்திற்கும் குடிநீரும் கழிப்பறையும் உரிமையெனக் கேட்கப்படுக! கோவிலம்பாக்கத்தின் கிணறு கோவிலம்பாக்கத்தின் நாவுக்கே முதற்கண் ஊறுக!

நீர் எனும் சொல் மீள்க! நீர் எனும் பொருளும் மீள்க! வெல்க தமிழ்!